மலை மாட்டினத்தை வளர்த்தெடுக்க எந்த வழி: வெளி ரத்தமா, சொந்த ரத்தமா?

மலைச் சரிவில் தலைமுறை தலைமுறையாக மேய்ந்து பழகிய ஒரு பாரம்பரிய மாட்டினம் இருக்கிறது. பால் குறைவு. எண்ணிக்கையும் தேய்ந்துகொண்டே வருகிறது. அதை வைத்திருப்பவர்கள் முன்னால் நான்கு வழிகள் உண்டு: அதிகம் கறக்கும் இனத்தின் ரத்தத்தைக் கலப்பது, இனத்துக்குள்ளேயே நல்லவற்றைப் பொறுக்கிப் பெருக்குவது, முதல் தலைமுறைக் கலப்போடு நிறுத்திக்கொள்வது, விந்தையும் கருவையும் உறைய வைத்துப் பாதுகாப்பது. நான்கையும் செய்து பார்த்தவர்கள் உலகில் இருக்கிறார்கள். அதனால் யூகத்தில் பேச வேண்டியதில்லை.

ஒப்பிடுவதற்கு முன், மலைப் பசுவின் வேலை என்ன என்பதைப் பார்த்துவிடலாம். சமதளத்தில் ஒரு மீட்டர் நடப்பதைவிட ஒரு மீட்டர் உயரம் ஏறுவதற்குப் பத்து மடங்குக்கும் மேல் ஆற்றல் செலவாகிறது. 700 கிலோ எடையுள்ள பசு 300 மீட்டர் உயரம் ஏறினால், கிட்டத்தட்ட 2 லிட்டர் பாலில் உள்ள ஆற்றல் அந்த ஏற்றத்திலேயே போய்விடும். 500 கிலோ பசுவுக்கு அது ஒன்றரை லிட்டருக்கும் குறைவு. எடை கூடக் கூடக் குளம்பு மண்ணில் ஆழமாகப் பதியும், சரிவில் புல்வேர் அறுந்து மண் சரியும். கொட்டிலில் கட்டிக் கறக்கும்போது தெரியாத கணக்கு இது. உடம்பு சிறியதாக இருப்பது மலை மாட்டின் குறை என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதன் முதல் தகுதியே அதுதான்.

சரி, வெளி ரத்தத்திலிருந்து தொடங்கலாம். இதற்கு ஆல்ப்ஸ் மலையின் பழுப்பு மாட்டைவிடத் தெளிவான சான்று இல்லை. 1869-இல் சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு காளையும் 7 பசுக்களும் அமெரிக்காவுக்குக் கப்பலேறின. பின்னால் போனவற்றையும் சேர்த்தால் மொத்தம் இருநூறுக்கும் குறைவான மாடுகள்தான். அந்தச் சிறு கூட்டத்தைப் பாலுக்காக மட்டுமே அங்கே பொறுக்கிப் பொறுக்கிப் பெருக்கினார்கள். அப்படி உருவானதுதான் பிரவுன் சுவிஸ். ஆல்ப்ஸில் தங்கிவிட்ட உறவுக்கூட்டமோ பால், இறைச்சி, வண்டியிழுப்பு என்று மூன்று வேலையும் பார்த்துக்கொண்டிருந்தது. 1960-களில் அமெரிக்கக் கிளையின் விந்து ஆல்ப்ஸுக்குத் திரும்பி வந்தது. சில பத்தாண்டுகளில் பழைய வகை மிகச் சிறு பங்காகச் சுருங்கியது. அதற்கு ‘ஒரிஜினல் பிரவுன்ஃபீ’ என்று தனிப்பெயர் வைத்துக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்தது.

இதில் கிடைத்த நன்மையை மறைக்கக் கூடாது. ஒரு பசு ஓராண்டில் கறக்கும் பால் ஆயிரம் கிலோவுக்கு மேல் கூடியது. மடியின் அமைப்பும் மேம்பட்டது. கறவை இயந்திரம் வந்த காலத்தில் அது பெரிய விஷயம். போனது என்னவென்றால் சதைப்பற்று. காளைக்கன்றுகள் எலும்பும் தோலுமாகப் பிறந்தன, வாங்க ஆளில்லை. உடம்பு உயர்ந்து, அதற்கேற்ற அடர்தீவனத்தை மலைமேல் சுமந்துபோக வேண்டியதாயிற்று.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ‘வீவர்’ நோயின் கதை. பிரவுன் சுவிஸ் கன்றுகள் ஆறேழு மாதத்தில் பின்னங்கால் தள்ளாடத் தொடங்கும், நாளாக நாளாக நிற்கவே முடியாமல் போகும். தாய், தந்தை இரண்டிடமிருந்தும் அந்த மரபணுக்கூறு வந்தால்தான் நோய் வரும். ஒன்றிடமிருந்து மட்டும் வந்தால் வெளியே தெரியாது. அப்படி ஒற்றைக்கூறைச் சுமந்த மாடுகள் மற்றவற்றைவிட அதிகம் கறந்தன என்பதை 1990-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதாவது, அதிகம் கறப்பதன் மகனைத்தான் பொலிகாளையாக வைப்போம் என்று வளர்ப்பவர்கள் நல்லெண்ணத்தோடு செய்த ஒவ்வொரு தேர்வும், தங்களுக்கே தெரியாமல் நோயையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறது. இப்போது மரபணுச் சோதனையால் அதைச் சலித்துவிட முடிகிறது. ஆனால் ஒரே ஒரு குணத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் கூடவே எது ஒட்டிக்கொண்டு வரும் என்பது முன்கூட்டித் தெரியாது.

நாம் எதைப் பார்க்கிறோமோ அதுவாகவே மாடு மாறிவிடும். சுவிட்சர்லாந்தின் வலே பகுதியில் எரான்ஸ் என்ற கறுத்த மாடு இருக்கிறது. அதன் பசுக்கள் மேய்ச்சலுக்குப் போனதும் கொம்பு கோத்து மோதித் தலைவி யார் என்று முடிவு செய்யும். மக்கள் அந்த மோதலை ரசித்து, வெல்லும் பசுக்களின் வம்சத்தையே பெருக்கினார்கள். கட்டைக்கழுத்தும் திரண்ட தோளுமாக அந்த இனம் ஆகிவிட்டது.

இரண்டாவது வழி, இனத்துக்குள்ளேயே தேர்வு. இதன் பலவீனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: மெதுவாகத்தான் நடக்கும். மாட்டுக்கு மாடு பால் அளவில் காணும் வேறுபாட்டில் கால் பங்கு அல்லது அதற்குச் சற்று மேல்தான் மரபு. சினை பிடிக்கும் திறனில் அது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மீதியெல்லாம் தீவனமும் வளர்ப்பும். பாலைத் தேர்ந்தெடுத்தால் சில ஆண்டுகளில் பலன் கண்ணுக்குத் தெரியும். சினைத்திறனையோ ஆயுளையோ தேர்ந்தெடுத்தால் ஒரு காளைக்குப் பிறந்த பல மகள்களின் பதிவேடு வேண்டும். சிறிய இனத்தில் அத்தனை மகள்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் முடியாத காரியமல்ல. நார்வேக்காரர்கள் தங்கள் சிவப்பு மாட்டில் 1970-களிலேயே சினைத்திறனையும் மடிநோய் எதிர்ப்பையும் தேர்வுக் கணக்கில் சேர்த்தார்கள். பொறுமையாகச் செய்ததில் பாலும் கூடியது, நலமும் கெடவில்லை.

இந்த வழிக்கு இன்னொரு ஆபத்து, நெருங்கிய உறவுக்குள் சேர்க்கை. இங்கே ஒரு எளிய கணக்கு உதவும். காளை, பசு எண்ணிக்கையைப் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், இனத்தின் உண்மையான பலம் எத்தனை தலை என்று தெரியும். 500 பசுக்களுக்கு 5 காளைகள் என்றால் விடை 20-தான்! ஐந்நூறு மாடு மந்தையில் நின்றாலும் மரபளவில் அது இருபது மாட்டுக்குச் சமம். ஒவ்வொரு தலைமுறையிலும் நூற்றுக்கு 2.5 என்ற கணக்கில் உறவு நெருங்கும். அதே 500 பசுக்களுக்கு 25 காளைகளை வைத்தால் பலம் 95 ஆகும், நெருக்கம் அரை சதவீத அளவுக்கு இறங்கிவிடும். இந்தப் பலம் 50-க்குக் கீழே போகக் கூடாது என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. பசுக்களை ஆயிரமாகப் பெருக்கப் பாடுபடுவதைவிட, இன்னும் இருபது காளைகளை வளர்ப்பது எவ்வளவோ பெரிய காப்பு. ‘ஊரிலேயே நல்ல காளை’ என்று ஒன்றின் பின்னாலேயே எல்லாரும் ஓடுவதுதான் சிறிய இனத்துக்கு வரும் பெரிய கேடு.

மெதுவாக நடக்கும் வழிக்கு யார் செலவு செய்வார்கள்? பிரெஞ்சு ஆல்ப்ஸ் இதற்கு ஒரு விடை கண்டது. அங்கே போஃபோர் என்ற சீஸுக்கு 1968-லேயே பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. தாரின், அபொந்தான்ஸ் என்ற இரண்டு மலை இனங்களின் பாலில் மட்டுமே அதைச் செய்யலாம். மந்தையின் சராசரி, பசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 5,000 கிலோவைத் தாண்டக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. இந்த உச்சவரம்பை முதலில் படித்தபோது வியந்துபோனேன். அதிகம் கறக்க வைக்கும் ஆசையையே விதி கட்டிப்போடுகிறது. அப்புறம் வளர்ப்பவர் வேறு எதைத் தேர்ந்தெடுப்பார்? கால், குளம்பு, ஆயுள், பாலின் புரதம் ஆகியவற்றைத்தான். இனம் தன் மலையிலேயே பிழைத்துக் கிடக்கிறது. நான்கு வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் பேர் பெற்ற ஒரு பொருள் கூடவே இருந்தால்தான் இது நடக்கும்.

மூன்றாவதான முதல் தலைமுறைக் கலப்பு, இமயத்தில் வெகுகாலமாக இருக்கிறது. யாக் என்ற நீள்முடி மலைவிலங்கும் மாடும் சேர்ந்து பிறக்கும் ட்சோமோ என்ற பெண் கலப்பு, யாக்கைவிட அதிகம் கறக்கும். ஆண் கலப்பு மலடு. ஆனால் அதன் உழைப்பு பயன்படுகிறது. பூட்டானில் மிதுன் என்ற மலைமாட்டு வகையின் காளையை உள்ளூர் நுப்லாங் பசுவோடு சேர்த்து ஜட்ஷம் என்ற கறவைப் பசுவை உருவாக்குகிறார்கள். கலப்பினக் கன்றின் வீரியம் உண்மையானது. ஆனால் அதை ஈன்ற தாய் தூய இனம். அந்த ஈற்றில் அவள் தன் இனத்துக்கு வாரிசு தரவில்லை. வாழ்நாளில் இரண்டே ஈற்று என்றால் சராசரியாக ஒரு கிடேரிதான் கிடைக்கும், அது தாயின் இடத்தை நிரப்பவே சரியாகிவிடும், கலப்புக்கு இடமே இல்லை. எட்டு ஈற்றுக் காணும் பசு என்றால் நான்கு கிடேரி. பாதி ஈற்றுகளைத் தாராளமாகக் கலப்புக்கு விடலாம். நீண்ட ஆயுள் உள்ள இனத்துக்கு மட்டுமே இந்த வழி பொருந்தும்.

நான்காவது வழியான உறைவிந்துத் தொட்டி அவசியம். ஆனால் அதை மட்டுமே நம்ப முடியாது. பசு எல்லாம் போய்விட்டு விந்து மட்டும் மிஞ்சினால், வேறு இனப் பசுவில் தொடங்கி 50, 75, 87.5 சதவீதம் என்று ஏற வேண்டும். ஐந்து தலைமுறை கழித்தும் 97 சதவீதத்தை எட்டவே பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகும். எந்தப் பாதையில் நீர் கிடைக்கும் என்று தாய் கன்றுக்குக் காட்டிக்கொடுத்ததை எந்தத் தொட்டியும் பாதுகாக்காது. ரேஷியச் சாம்பல் மாடு சுவிட்சர்லாந்தில் 1920-களில் அற்றுப்போனது. 1985-இல் அது திரும்பி வந்தபோது டிரோல் என்ற அண்டை மலைப்பகுதியிலிருந்து உயிருள்ள மாடுகளாகவே வந்தது. அண்டை மலையில் மந்தை நின்றதால்தான் அது சாத்தியமானது.

இனத்துக்குள்ளேயே தேர்வு செய்வோம் என்று முடிவெடுப்பவருக்கு, பதிவேடு சிறியதாக இருந்தாலும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. பொலிகாளைக்கான கன்றை, அதிகம் கறந்த பசுவிடமிருந்து எடுக்காமல், எட்டு, பத்து ஈற்று கண்டும் காலும் மடியும் கெடாமல் இன்னும் மேய்ச்சலுக்கு ஏறும் கிழப்பசுவிடமிருந்து எடுக்கலாம். அந்த வயதுவரை சினை பிடித்து, நோயில் விழாமல், சரிவில் இடறாமல் வந்திருக்கிறாள் என்றால், தனித்தனியாக அளக்க முடியாத குணங்கள் அத்தனையும் அவளிடம் சேர்ந்தே இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி ஒரே கிழப்பசுவின் மகன்களாக இல்லாமல், வெவ்வேறு வம்சத்தின் பத்துக் கிழப்பசுக்களின் பத்து மகன்களாக இருக்கட்டும். ஒவ்வொன்றின் விந்தும் கொஞ்சம் தொட்டிக்குப் போகட்டும், காளைகள் மந்தையோடு மலையேறட்டும்.