வலி ரெண்டே நாளில் பறந்துவிட்டதா? அந்தப் பொடி என்னவென்று முதலில் விசாரியுங்கள்

வீட்டில் யாராவது மூட்டுவலிக்கோ, மூச்சிரைப்புக்கோ, தோல் அரிப்புக்கோ லேபிள் இல்லாத பொட்டலத்தில் "சுத்த மூலிகை" பொடி சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அதுவும் அந்தப் பொடி சொல்லிவைத்த மாதிரி ரெண்டு மூன்று நாளிலேயே வேலை செய்திருந்தால், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒன்றை மட்டும் முன்னாடியே சொல்லிவிடுகிறேன்: பயந்துபோய் பொடியை இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

என் அம்மாவுக்குப் பல வருடமாக முழங்கால் தேய்மானம். மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது, போடாவிட்டால் படி ஏற முடியவில்லை. இந்த நிலைமையில்தான் தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு "முழுமை நல" மையத்துக்குப் போனார். அங்கே இருந்தவர் பேசத் தெரிந்தவர், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். தூக்கம் எப்படி, பசி எப்படி, மனசில் என்ன கவலை என்று உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். எந்த டாக்டரும் அம்மாவிடம் அவ்வளவு நேரம் பேசியதில்லை. பாதி வலி அங்கேயே போய்விட்டது என்று அம்மா சொன்னதை நான் இன்றும் நம்புகிறேன். மீதிப் பாதியைப் போக்கியதுதான் பிரச்சினை.

சின்னச் சின்னப் பொட்டலமாக ஒரு பழுப்புப் பொடி கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மூன்றாம் நாளே அம்மா கைப்பிடியைத் தொடாமல் மாடி ஏறினார். கேட்டவர்களுக்கெல்லாம் அந்த மையத்தின் முகவரியைக் கொடுத்தார். நன்றாகப் பசித்தது, முகம் பூரித்தது, பார்த்தவர்கள் எல்லாரும் "களை வந்துருச்சு" என்றார்கள். என்ன சேர்த்திருக்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, "அது பரம்பரை ரகசியம் சார், வேர், பட்டை, இலை, அவ்வளவுதான்" என்று பதில்.

அதே இடத்தில் கால் வழியாக நச்சு எடுக்கிறோம் என்று ஒரு மின்சாரத் தொட்டியும் வைத்திருந்தார்கள். உப்புத் தண்ணீரில் காலை வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் துருநிறமாகும், அதுதான் உடம்பிலிருந்து இறங்கிய கழிவாம். காலை வைக்காமல் ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்டேன். "நம்பிக்கை இல்லாதவங்களுக்கு எதுவும் பலிக்காது சார்." ஓட்டிக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அப்போதும் அதே நிறம்தான் வந்திருக்கும், ஏனென்றால் உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளே இருக்கும் இரும்புத் தகடு அரித்துத் துரு கரைகிறது. சரி, அதில் பணம் போகுமே தவிர உயிர் போகாது. பொடி அப்படி இல்லை.

சில மாதங்களில் அம்மாவின் சர்க்கரை காரணமே இல்லாமல் ஏறியது, டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். கையில் லேசாக இடித்தாலும் நீலம் பாரித்தது. பிடரியில் சதை திரண்டது, கை கால் மட்டும் மெலிந்தது. ராத்திரி தூக்கமே இல்லை. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் தனித்தனியாக ஒரு காரணம் வைத்திருந்தோம். அப்புறம் ஒரு முறை மையத்தில் பொடி தீர்ந்துபோய், அடுத்த சரக்கு வரும்வரை பொறுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சில நாளிலேயே அம்மா படுத்துவிட்டார். வாந்தி, எழுந்தால் தலைசுற்றல், பேசக்கூடத் தெம்பில்லை. போன் செய்தால் அந்த ஆள் சந்தோஷமாகச் சொல்கிறார்: "நல்ல அறிகுறிம்மா, பழைய கழிவெல்லாம் வெளியேறுது, மூணு நாள் வெறும் தண்ணி மட்டும் குடிங்க."

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். உடம்பு மோசமானால் "கழிவு வெளியேறுகிறது", நன்றானால் "மருந்து வேலை செய்கிறது". எப்படி விழுந்தாலும் அவர்களுக்கே ஜெயம், தோற்கவே முடியாத ஏற்பாடு. அன்றைக்கு அவர் பேச்சைக் கேட்டிருந்தால் அம்மா பிழைத்திருப்பாரா என்பது சந்தேகம் என்று பிறகு மருத்துவமனையில் சொன்னார்கள்.

அங்கே வந்த ஹார்மோன் டாக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே, "ஸ்டீராய்டு ஏதாவது எடுக்கிறீங்களாம்மா?" என்றார். இல்லவே இல்லை என்றார் அம்மா. "பொடி, லேகியம், நாட்டு மருந்து?" அதற்குப் பிறகுதான் பொட்டலக் கதை வெளியே வந்தது. உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலைக் காலை நேரத்தில் பரிசோதித்ததில் அளவு ஏறக்குறைய இல்லவே இல்லை. மிச்சம் கிடந்த பொடியை ஆய்வகத்தில் கொடுத்தோம். மூலிகை இருந்தது, கூடவே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை மருந்து ரெண்டும் இருந்தன.

நம் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் தினமும் கார்டிசால் சுரக்கின்றன. பிரஷர், சர்க்கரை, காய்ச்சல் வந்தால் தாங்கும் சக்தி, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால், இனி நமக்கு வேலை இல்லை என்று சுரப்பி ஓய்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பொடியைத் திடீரென்று நிறுத்தினால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. பிரஷர் சரிந்து ஆளே போகலாம். டெக்ஸாமெத்தசோன் நம் உடம்பின் கார்டிசாலைவிட ஏறத்தாழ 25 மடங்கு வீரியமானது, அரை மில்லிகிராமை ஒரு ஸ்பூன் பொடியில் கலந்தால் நாக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது.

அந்த "ரெண்டே நாள்" அதிசயமும் புதிதில்லை. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற டாக்டர், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட, சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. முகம் வீங்குவது, எலும்பு தேய்வது எல்லாம் தொடர்ந்து கொடுக்கக் கொடுக்கத்தான் தெரியவந்தது. ஸ்டீராய்டைக் கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை, அளவு தெரிந்து, பரிசோதித்துக்கொண்டே கொடுத்தால் உயிர் காக்கும். சாப்பிடுகிறவருக்கே தெரியாமல் கொடுப்பதைத்தான் சொல்கிறேன். பொட்டலப் பொடியில் மட்டும்தான் இது நடக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். பளபளப்பான டப்பாவில் மூட்டு ஆரோக்கியத்துக்கு என்று விற்ற ஆர்ட்ரி கிங் என்ற மாத்திரையிலும் லேபிளில் சொல்லாமல் இதே ரெண்டு மருந்துகளும் இருப்பதாக 2022இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது.

அறிக்கையை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனேன். முதலில் "எங்க பொடியே இல்ல" என்றார்கள், பிறகு "சப்ளையர் தப்பு", கடைசியில் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அம்மாவை நீக்கினார்கள். பணம் திரும்ப வரவில்லை. எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பொடி ஓடிக்கொண்டிருந்தால் பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள், எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார் என்று மறைக்காமல் சொல்லுங்கள், காலைக் கார்டிசால் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். நிறுத்துவது அவர் சொல்கிற வேகத்தில்தான், அது மாதக்கணக்கில்கூட ஆகலாம். அம்மா இப்போது கார்டிசாலுக்கு ஈடாகக் கொடுக்கும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையில் இருக்கிறார், காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும் என்று ஒரு அட்டை எப்போதும் பையில் இருக்கும். சர்க்கரை இறங்கியிருக்கிறது. முழங்கால் வலி திரும்பிவிட்டது, அதை மறைக்க முடியாது. பிசியோதெரபிஸ்ட் சொன்ன தொடைத் தசைப் பயிற்சியை முணுமுணுத்துக்கொண்டே செய்கிறார். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறையுமாம், அதனால் எடையையும் குறைக்கப் பார்க்கிறோம். இதுவும் மருந்தில்லா வழிதான், ஆனால் இதைச் சொன்னவர் யாரும் மூன்றாம் நாள் மாடி ஏறலாம் என்று சொல்லவில்லை.

மையத்தின் பெயரைக் கேட்காதீர்கள். புகார் விசாரணையில் இருக்கும்வரை எழுத முடியாது, எழுதினாலும் பெரிதாகப் பயனில்லை, போன மாதமே பலகையை மாற்றிவிட்டார்கள்.