மாயிதோ சைக்கிள் இறக்கம்: பணம் கட்டும் முன் வழிகாட்டியிடம் என்ன பார்க்க வேண்டும்

ரெயூனியன் தீவில் சான் போல் ஊருக்கு மேலே நிற்கும் மாயிதோ முனை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரம். வேனில் ஏறிப்போய், மாபாத் பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்துவிட்டு, அங்கிருந்து கடற்கரை வரை பெரும்பாலும் மண்பாதையிலேயே சைக்கிளில் இறங்கிவிடலாம். மெகாவலான்ஷ் என்ற மலைச் சைக்கிள் இறக்கப் போட்டி ரெயூனியனில் நடந்ததும் இந்தச் சரிவில்தான். இங்கே அழைத்துப்போகும் உள்ளூர் வழிகாட்டிகளின் பாதை அறிவில் பொதுவாகக் குறை சொல்ல இடமில்லை. எந்த மழைக்கு எந்தத் திருப்பம் வழுக்கும், எந்த ஓடைக்கரை இடிந்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. வாடகைச் சைக்கிளின் பராமரிப்பிலும், பிரெஞ்சு தெரியாதவருக்கு விளக்கிச் சொல்வதிலும்தான் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம். எங்கள் மதிப்பீட்டில் பாதி மதிப்பெண் பிரேக்குக்கே போகிறது.

காரணம் எளிய கணக்கு. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால், 2,200 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 19 லட்சம் ஜூல். காற்றும் டயரும் தின்றது போக, மிச்சத்தில் பெரும்பகுதி இரண்டு சின்ன பிரேக் டிஸ்க்குகளில் சூடாக இறங்குகிறது. பழக்கமில்லாதவர் பயத்தில் லீவரை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வருவார். டிஸ்க் ஆறவே நேரமிருக்காது. டிஸ்க்கைக் கவ்வும் பேடு ரெசினால் (பிசினால்) ஆனதென்றால் அதன் முகம் கண்ணாடிபோல் மினுமினுத்துப் பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெய் பழையதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். டாட் 4 என்ற தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சியபின் அந்தத் தரத்தின் குறைந்தபட்ச வரம்பு 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் குமிழி உண்டாகி, லீவர் கைப்பிடிவரை சும்மா வரும்.

ஆகவே வேனில் ஏறும் முன்பே பாருங்கள். முன்சக்கர டிஸ்க் 200 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். பேடில் உராயும் பகுதி இரண்டு பக்கமும் தடிமனாக இருக்க வேண்டும். 1 மில்லிமீட்டர் மிச்சமிருந்தால் ஊருக்குள் ஓட்டலாம், மாயிதோவுக்கு ஆகாது. உலோகத்தூள் கலந்த பேடு சத்தம் போட்டாலும் சூட்டைத் தாங்கும். லீவரை இறுக்கிப் பத்து எண்ணும்வரை பிடியுங்கள். மெதுவாக உள்ளே நழுவினால் வேறு சைக்கிள் கேளுங்கள். முகம் சுளிக்காமல் மாற்றித் தருபவரே நல்ல வழிகாட்டி.

தமிழ்நாட்டிலிருந்து சொந்தக்காரர்களை அழைத்துவருபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பிரான்ஸ் வழக்கப்படி இங்கே இடக்கை லீவர் முன்சக்கரத்துக்கு, வலக்கை பின்சக்கரத்துக்கு. ஊரில் பைக் ஓட்டுபவருக்கு முன் பிரேக் வலக்கையில். பதற்றத்தில் இடக்கையை இறுக்கினால் முன்சக்கரம் பூட்டி, ஆள் கைப்பிடிக்கு மேலே பறப்பார். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சமதரையில் பத்து நிமிடம் ஓட்டவைத்த பிறகே இறக்கும் வழிகாட்டிகளும் உண்டு. ஹெல்மெட்டை நீட்டிவிட்டு உடனே கிளம்பச் சொல்பவர்களும் உண்டு. வழிகாட்டிகள் பேசுவது பிரெஞ்சும் கிரியோலும்தான். ‘துஸ்மான்’, ‘அதான்சியோன்’, ‘அகோஷ்’, ‘அத்ருவாத்’ என்ற நாலு சொல்லை விருந்தாளிக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். மெதுவாக, கவனம், இடப்பக்கம், வலப்பக்கம்.

பாதையில் வழிகாட்டியின் தரம் அவர் எங்கே நிறுத்துகிறார் என்பதில் தெரியும். முதல் பகுதி மரமில்லாத புதர்வெளி. எரிமலைப் பாறை விளிம்புகள் கத்திபோல இருக்கும். இங்கே பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது நிற்க வேண்டும். முன்கை இறுகிவிட்டால் விரல் லீவருக்குக் கட்டுப்படாது. நின்றதும் சூடான டிஸ்க்கைப் பேடு கவ்வியபடி வைத்திருக்கக் கூடாது. பேடின் துகள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, பிறகு பிரேக் அதிரும். தண்ணீர் ஊற்றி ஆற்றுவதும் தவறு, டிஸ்க் வளைந்துவிடும். அடுத்து தாமரின் மரங்களும் (புளியமரம் அல்ல, வேல மர வகை) கிரிப்தோமேரியா என்ற ஊசியிலை மரக் காடும். வேர்களில் ஈரம் காயாது. வேரைச் சாய்வாகக் கடக்காமல் நேராக, பிரேக்கை விட்டபடி கடக்கச் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தராத குழுவில் விழுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார்கள். அதற்கும் கீழே கரும்புக்காடு. ஜூலை முதல் டிசம்பர் வரை வெட்டு நடக்கும், கஷலோ என்ற பெரிய கரும்பு லாரிகள் குறுக்கே வரும். ஒவ்வொரு கடவையிலும் வழிகாட்டி முதலில் இறங்கி நின்று கைகாட்ட வேண்டும். ஒருவருக்குப் பின்னால் எட்டுப் பேருக்கு மேல் வந்தால் இது நடக்காது, கடைசியில் இன்னொரு ஆள் வேண்டும்.

கடைசிப் பகுதி வறண்ட புல்வெளியும் முள்ளும். டியூப்லெஸ் டயரில், 29 அங்குலச் சக்கரத்துக்கு 100 முதல் 120 மில்லி அடைப்புப் பால் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) இருந்தால் முள் பிரச்சினை இல்லை. பழைய பால் உள்ளேயே காய்ந்திருக்கும். சக்கரத்தைக் காதருகே குலுக்கினால் சலசலப்புக் கேட்க வேண்டும். காற்றழுத்தம், 75 கிலோ ஆளுக்கு முன்னால் 1.6 பார், பின்னால் 1.8 பார் அளவில் சரி. பாறை வெட்டிய பக்கச்சுவரைப் பால் அடைக்காது. அதற்கு வழிகாட்டியின் பையில் ரப்பர்த் திரியும், உள்ளே வைக்கும் ஒட்டும், மாற்று டியூபும் இருக்க வேண்டும். கூடவே அந்தச் சைக்கிள் மாடலுக்கே பொருந்தும் டெரெய்லர் ஹேங்கர், அதாவது பின் கியர் மாற்றியைத் தாங்கும் சின்ன உலோகத் துண்டு. பலரும் மறப்பது இதைத்தான். பாறையில் இடித்து அது வளைந்தால் நடந்து இறங்க நேரலாம்.

மின்சைக்கிளிலும் இந்தப் பக்கம் பயணம் உண்டு. எடை 22 கிலோவுக்கு மேல் போகும், பேடு இன்னும் சீக்கிரம் தேயும். மற்றபடி சோதனைகள் அதேதான்.

காகிதமும் பார்க்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு விளையாட்டுச் சொல்லித்தர பிரான்சில் அரசு அங்கீகரித்த தகுதிச் சான்றும், அதன்பேரில் பிரீஃபே (அரசின் வட்டாரத் தலைமை அதிகாரி) வழங்கும் தொழில் அட்டையும் கட்டாயம். மலைச் சைக்கிளுக்கென்றே தெஜெப்ஸ் என்ற அரசு டிப்ளோமா இருக்கிறது. அட்டை ஐந்து ஆண்டுக்குச் செல்லும், தேதியைப் பாருங்கள். கேட்டால் காட்டத் தயங்குபவரிடம் போக வேண்டாம். பாதைக்கும் விதி உண்டு. 2007-இல் ரெயூனியனில் தேசியப் பூங்கா அமைந்தது, 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பூங்காவின் மையப் பகுதியில் நினைத்த பாதையில் எல்லாம் சைக்கிள் ஓட்ட முடியாது. மழைக்குப் பிறகும் தீக்குப் பிறகும் பாதைகள் மூடப்படும். 2010, 2011 இரண்டு ஆண்டும் மாயிதோ சரிவு எரிந்தது. அன்றைக்கு எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை ஓ.என்.எஃப் (பிரான்ஸ் அரசுக் காட்டுத் துறை) அறிவிப்பில் பார்த்துவிட்டு வழி சொல்பவரை நம்பலாம்.

மேகம் பெரும்பாலும் ஒன்பது, பத்து மணிக்கே ஏறிவிடும். ஆறு மணிக்குக் கிளம்பும் பயணத்தையே எடுங்கள். மே முதல் நவம்பர் வரை நல்ல காலம், ஆனால் உச்சியில் காலையில் 10 டிகிரிக்குக் கீழே போகலாம். காற்றுத் தடுக்கும் சட்டை வேண்டும். தைப்பூசக் காவடிக்கு வரும் உறவினர்கள்தான் பெரும்பாலும் இந்தப் பயணத்தைக் கேட்கிறார்கள், அதுவோ புயல் காலம். மழை என்றால் பணத்தைத் திருப்புவார்களா, நாள் மாற்றுவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விரதம் இருப்பவர்கள் சாப்பாட்டையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் சமூசாவுக்குள்ளே கறி இருக்கும். பயறு வகையில் செய்த காரவடை போன்ற போன்போன் பிமான் கேட்டால் கிடைக்கும்.

வாடகைச் சைக்கிளுக்கு முன்பணம் பிடித்துவைப்பார்கள். டிரெய்லரில் ஒன்றோடொன்று உரசி டிஸ்க் வளைவது சகஜம். அதனால் சேதம் இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுக்க வேண்டிய இடம் கடைவாசல் இல்லை, மாயிதோ உச்சி. சைக்கிளை இறக்கியதும் இரண்டு சக்கரத்தையும் சுற்றிவிட்டு, வழிகாட்டி பக்கத்தில் நிற்கும்போதே எடுங்கள்.