தறி வேறு, நிட்டிங் வேறு: ஸ்டாக் படங்களுக்குக் கீவேர்டு இடும் முறைகள், ஓர் ஒப்பீடு

முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கேமராவைச் சும்மா வைத்திருக்க மனமில்லாமல் தோட்டம், சந்தை, மில் என்று சுற்றிப் படமெடுத்து, அவற்றை ஸ்டாக் தளங்களில் (படங்களை விற்பனைக்கு வைக்கும் இணையதளங்களில்) ஏற்றும் நண்பர்கள் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்தில் எனக்குச் சிலர் இருக்கிறார்கள். "படம் நல்லாத்தானுங்க இருக்குது, ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கறாங்க" என்பதுதான் அவர்கள் அடிக்கடி சொல்லும் குறை. படத்தை வாங்க வருபவர் அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் சொல்லால் தேடுகிறார் என்பதால், அந்தச் சொற்களை இடுவதற்கு வழக்கத்தில் உள்ள முறைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம். கீவேர்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகின்றன. இங்கே அவற்றை ஒலிப்படி எழுதுகிறேன்.

முதல் முறை, இடம் இருக்கும் வரை நிரப்புவது. ஷட்டர்ஸ்டாக் குறைந்தது 7, அதிகபட்சம் 50 சொற்களை ஏற்கிறது. அடோபி ஸ்டாக் 49 வரை விடுகிறது. அலாமியிலும் 50 வரை இடலாம். கொடுத்த இடத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் பொள்ளாச்சித் தென்னந்தோப்புப் படம் ஒன்றுக்கு 50 சொற்களை எட்ட முயன்றால், முப்பதைத் தாண்டியதுமே கை தானாக பீச், சீ, வெக்கேஷன், டிராப்பிக்கல் ஐலண்ட் என்று எழுதத் தொடங்கிவிடுகிறது. பொள்ளாச்சித் தோப்புக்கும் கடலுக்கும் நடுவே ஆனைமலையே குறுக்கே நிற்கிறது! கடற்கரை தேடி வந்தவர் அந்தப் படத்தைத் தாண்டிப் போய்விடுவார். பொருந்தாத சொற்களைக் காரணம் காட்டிப் படத்தையே தளம் திருப்பி அனுப்பவும் கூடும். அதே படத்துக்கு பிளான்டேஷன், அக்ரிகல்ச்சர், டிரிப் இரிகேஷன், இன்டர்கிராப்பிங், காயர் என்று படத்தில் உண்மையிலேயே தெரிவதையும், அதனோடு ஒட்டியதையும் மட்டும் இட்டால் 20 முதல் 30 சொற்களில் பட்டியல் நிறைவு பெற்றுவிடும். என் தேர்வு இந்த இரண்டாவது முறைதான். பலர் கூடியிருக்கும் சந்தைக் காட்சி போன்ற படத்துக்கு 40 சொற்கள் தேவைப்பட்டால் இடுவதில் தவறில்லை. எண்ணிக்கையைப் படம் தீர்மானிக்க வேண்டும், காலிப் பெட்டி தீர்மானிக்கக் கூடாது.

அடுத்த போட்டி, தளத்தின் தானியங்கிப் பரிந்துரைக்கும் நாமே எழுதுவதற்கும் இடையில். திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட்டில் எடுத்த படத்தை ஏற்றியபோது, ஒரு தளத்தின் கருவி வீவிங், லூம், ஹேண்ட்லூம் ஆகிய மூன்றையும் முன்னிறுத்தியது. அவசரத்தில் நானும் அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டேன். படத்தை அந்த யூனிட்டின் ஆபரேட்டரிடம் காட்டியபோது, "இது தறி இல்லீங்க, நிட்டிங் மெஷினுங்க, தறிக்குப் பாவு ஊடை ரண்டும் வேணும், இதுல நூலு வளையம் வளையமாக் கோத்துக்கிட்டே போகுமுங்க" என்று சொல்லி, உருளையாகச் சுற்றி இறங்கிய துணியை விரலால் இழுத்துக் காட்டினார். துணி நீண்டு, விட்டதும் சுருங்கியது. பனியன் துணி அப்படித்தான் இருக்கும், தறித் துணி அப்படி இழுபடாது. சர்க்குலர் நிட்டிங், ஹோசியரி, ஜெர்சி ஃபேப்ரிக், கார்மென்ட் எக்ஸ்போர்ட் என்று அன்றே மாற்றி எழுதினேன். நம் வட்டாரத்தில் சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி, சென்னிமலையில் கைத்தறிப் போர்வை, பவானியில் ஜமக்காளம், திருப்பூரில் பின்னலாடை. நான்கையும் டெக்ஸ்டைல் ஃபேக்டரி என்ற ஒரே பையில் போடும் கருவிக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை, இங்கே பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியும். ஆடை நிறுவனத்துக்காகப் படம் தேடுபவருக்கோ அந்த வேறுபாடுதான் முக்கியம். ஆகவே கருவியின் பட்டியலை நாம் மறந்த நிறம், எண்ணிக்கை, ஆண் பெண் போன்ற பொதுச் சொற்களை நினைவூட்டிக்கொள்வதற்கு மட்டும் திறந்து பார்ப்பது போதும்.

ஐஸ்டாக், கெட்டி தளங்களில் வேறொரு வழி உண்டு. அங்கே நாம் இடும் சொல், தளம் வகுத்து வைத்திருக்கும் சொற்களஞ்சியத்தோடு பொருத்தப்படுகிறது. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் எந்தப் பொருள் என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். காங்கேயம் காளையின் படத்துக்கு புல் (bull) என்று இட்டால் அது மாடா, பங்குச் சந்தையின் ஏறுமுகமா என்பதை அங்கேயே தெளிவுபடுத்திவிடலாம். பாம் (palm) என்பது தென்னையா, உள்ளங்கையா என்பதும் அப்படியே. வேலை சற்று மெதுவாக நடக்கும், ஆனால் குழப்பம் குறைவு. சுதந்திரமாக எழுத விடும் தளங்களில், கேட்டில், லைவ்ஸ்டாக், ஜெபு (திமில் உள்ள மாட்டினம்) போன்ற பக்கத்துச் சொற்களைக் கொண்டுதான் பொருளை உறுதிப்படுத்த முடியும்.

ஊர்ப் பெயரா, பொதுப் பெயரா என்பதில் ஒரே விடை இல்லை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருந்தாலும், அழகுப் பொருளுக்கோ மருந்துக்கோ படம் தேடுபவர் ஈரோடு என்று தட்டுவது அரிது. டர்மரிக், ஸ்பைஸ், ரூட், குர்குமின், ஆயுர்வேதா என்றுதான் தேடுவார். தாவரத்தின் அறிவியல் பெயரான குர்குமா லோங்காவையும் சேர்ப்பது பாடநூல் பதிப்பாளர்களுக்கு உதவும். சந்தையில் விரலி, கிழங்கு என்று நாம் பிரிப்பதை ஃபிங்கர், பல்ப் என்று சேர்க்கலாம். ஈரோடு என்ற சொல் பட்டியலின் நடுவில் இருந்தால் போதும். காங்கேயம் காளையும் பவானி ஜமக்காளமும் இதற்கு மாறானவை: பெயர் தெரிந்து தேடுபவர் குறைவாக இருந்தாலும், அந்தச் சிலருக்கு வேறெந்தப் படமும் பயன்படாது. அங்கே ஊர்ப் பெயரை முன்னால் வைப்பதே சரி.

முன்னால், நடுவில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அடோபி ஸ்டாக்கில் கீவேர்டுகளின் வரிசைக்கே மதிப்புண்டு. முதல் 10 சொற்கள் தேடலில் கூடுதல் எடை பெறுகின்றன, தலைப்பில் உள்ள சொற்களும் துணை நிற்கின்றன. அலாமியில் முக்கியமான 10 சொற்கள் வரை தனியே சூப்பர்டேக் என்று குறிக்கலாம். இதனால், முக்கியத்துவத்தின் இறங்குவரிசையில் ஒரே பட்டியலை எழுதி அதைக் கோப்பின் ஐபிடிசி தகவலிலேயே (படக் கோப்புக்குள்ளேயே சேர்ந்திருக்கும் விவரப் பகுதியில்) பதிந்துவிட்டால், வரிசை பார்க்கும் தளத்துக்கும் பார்க்காத தளத்துக்கும் அது பொருந்தும். பத்திரிகைகளும் பதிப்பகங்களும் மிகுதியாக வாங்கும் அலாமிக்கு மட்டும் ஊர், நிகழ்வு, தொழில் பெயர்களை மேலே ஏற்றுகிறேன். நிறுவனப் பெயர்களையும் வணிகச் சின்னங்களையும் வணிகப் பயன்பாட்டுப் படங்களில் எங்கேயும் இடக் கூடாது. பனியன் பெட்டியின் மேல் அச்சிட்ட பெயருக்கும் இது பொருந்தும்.

வீடியோவுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். படத்தின் பட்டியலை அப்படியே ஒட்டினால் அசைவு விடுபட்டுப் போகும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும்போது உடுமலைப் பக்கம் எடுத்த காற்றாலை வீடியோவுக்கு விண்ட் டர்பைன், ரினியூவபிள் எனர்ஜி ஆகியவற்றோடு ரொட்டேட்டிங், ஏரியல், ஸ்லோ மோஷன், டைம்லேப்ஸ் ஆகியவற்றில் உண்மையானவற்றையும் இட வேண்டும். ஃபோர்கே (4K) என்று எழுதி ஓர் இடத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை, தெளிவளவைத் தேடுபவர் வடிகட்டியிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்வார். ஒரே காலையில் எடுத்த ஐந்து கிளிப்புகளில் ஒன்றில் மட்டும் ஆட்டு மந்தை குறுக்கே போயிருந்தால், ஷீப் என்ற சொல் அந்த ஒரு கிளிப்புக்கு மட்டுமே உரியது.