செல் சாவின் இரு வழிகள்: அப்போப்டோசிஸும் நெக்ரோசிஸும்

1972-இல் கெர், வைலி, கரி ஆகிய நோயியல் ஆய்வாளர்கள் மூவர் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்ட திட்டமிட்ட சாவில், செல் சுருங்கித் துண்டுகளாகப் பிரிந்தாலும் அதன் சவ்வு கிழிவதில்லை. சவ்வின் உட்புறத்தில் இருக்க வேண்டிய பாஸ்படிடைல்செரின் என்னும் கொழுப்பு வெளிப்புறத்துக்கு வந்து அடையாளம் காட்ட, மேக்ரோஃபேஜ்கள் என்னும் விழுங்கு செல்கள் பெரும்பாலும் அழற்சியின்றி அதை விழுங்கிச் செரித்துவிடுகின்றன. நெக்ரோசிஸில் சவ்வு வெடித்து உள்ளிருப்பவை சிதறுவதால் அழற்சி மூள்கிறது.

ஆனால் இந்த எல்லைக்கோடு பாடநூல்களில் தோன்றுமளவு உறுதியானதன்று: விழுங்கப்படாமல் தேங்கும் அப்போப்டோசிஸ் செல்லும் பிறகு வெடித்து, இரண்டாம்நிலை நெக்ரோசிஸை அடைகிறது. தமனிச் சுவரின் கொழுப்புப் படிவுகளில் இவ்வாறு தேங்குபவை படிவின் மையத்தைப் பெருக்கி, அப்படிவு உடைந்து மாரடைப்பு நேர வழிசெய்கின்றன. இறந்த செல்கள் தேங்குவதன் கேட்டுக்கு, நோயெதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்கும் லூபஸ் நோய் இன்னும் தெளிவான சான்று. இறந்த செல்களை அகற்ற உதவும் சி1கியூ புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு அந்நோய் வருகிறது.