“எல்லாம் ஒண்ணா இருக்கும் சார்” என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்

மகள் பிறந்தநாளுக்கு மீன் தொட்டி கேட்டாள் என்று, வண்ண மீன் கடைகள் நிறைந்த சென்னை கொளத்தூர் போனேன். கடை கடையாக ஏறி இறங்கி விசாரித்திருக்க வேண்டும். முதல் கடையிலேயே மாட்டிக்கொண்டேன்.

ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை ஊற்றினாலும் 42 லிட்டர்தான் பிடிக்கும். அதற்குள் கடைக்காரர் தள்ளிவிட்ட மீன்கள்: கோல்டு 2, உள்ளங்கை அளவு ஏஞ்சல் 2, டைகர் பார்ப் 2, நியான் டெட்ரா 10, பாசி தின்ன ஒரு சக்கர், மகள் கைகாட்டிய குட்டி ஷார்க் (பேர்தான் ஷார்க், சுறா இல்லை, கெளுத்தி வகை) ஒன்று. “எல்லாம் ஒண்ணா இருக்கும் சார்.”

மூன்றாம் நாள் நியான் ஏழுதான் இருந்தது. செத்து மிதக்கவும் இல்லை. மறுநாள் காலை லைட் போட்டால், ஏஞ்சல் வாயிலிருந்து சிவப்பு வால் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. மகள்தான் முதலில் பார்த்தாள். அந்த ஏஞ்சலுக்கும் நிம்மதி இல்லை. நீண்ட துடுப்புகளை டைகர் பார்ப் கடித்துக் கடித்து நூல் நூலாக்கிவிட்டது. கோல்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், கழிவும் ஏராளம். அவை ஒரே வாரத்தில் போய்விட்டன.

திரும்பப் போய்க் கேட்டேன். “தண்ணி சரியில்ல சார்” என்று ஒரு நீல மருந்தை நீட்டினார், அதற்கும் காசு. தண்ணீர் சரியில்லாததும் பாதி உண்மைதான். மீன் கழிவில் வரும் அம்மோனியாவைச் சமாளிக்கும் பாக்டீரியா புதுத் தொட்டியில் வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்றவர் அதைச் சொல்லவில்லையே.

அன்றைக்குத்தான் கவனித்தேன்: அவர் கடையில் ஏஞ்சல் தனித் தொட்டி, டைகர் பார்ப் தனித் தொட்டி, நியான் தனித் தொட்டி!

சக்கர் ஓரடி தாண்டும். ஷார்க் மூன்று அடிக்கு மேல் வளரும். ஹோட்டலில் பாசா என்று தட்டில் வருவது பெரும்பாலும் இதுதான். இரண்டையும் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. ஏரியில் விடவும் கூடாது, சக்கர் அங்கே பெருகி நம்ம ஊர் மீனைத் துரத்திவிடும். பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் கெஞ்சிக் கொடுத்தேன்.

இப்போது ஆறு ஆண் கப்பி மட்டும். எங்கள் போர் தண்ணீருக்கு நன்றாக ஒத்துப்போகிறது. ஒரே ஒரு பெண் கப்பி வாங்கலாமே அப்பா என்கிறாள் மகள். அப்புறம் தொட்டி முழுக்கக் குட்டிதான். இன்னும் சம்மதிக்கவில்லை.