டிரில்லிங் மிஷினை உள்ளே விடுவதற்கு முன்: சேலத்தில் ஹோம் தியேட்டர் மாட்டி ஏமாந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் யாராவது தீபாவளிக்குள் ஹாலில் ஹோம் தியேட்டர் மாட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், இதை முழுசாகப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். நான் கொடுத்துவிட்டுத்தான் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். அதற்கான ஃபீஸ் 14,900 ரூபாயும், புதுப் பெயிண்ட் அடித்த சுவரில் 11 துளையும்.

வீடு கன்னங்குறிச்சி பக்கம். ஹால் நீளம் 16 அடி, அகலம் 12 அடி. டிவி 12 அடிச் சுவரில். வாங்கினது எனக்காக இல்லை, அப்பாவுக்காக. 1935ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ ஏற்காடு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது, சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு யாராவது நடிகர் கார் உள்ளே போகுமா என்று கேட்டுக்கு வெளியே நின்ற ஆள் அவர். இப்போது அங்கே மிச்சம் அந்த வாசல் வளைவு மட்டும்தான், அதைத் தாண்டும்போதெல்லாம் ஏதாவது ஒரு கதை வரும். காது கொஞ்சம் மந்தம். டிவியில் பழைய படம் போட்டால் வசனம் புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். சரி, நல்ல ஸ்பீக்கராக வாங்கிவிடலாம் என்று இறங்கினேன்.

கடைப் பெயர் போடவில்லை, கேட்காதீர்கள். 5.1 ஸ்பீக்கர் செட்டும் (ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு சப்வூஃபர்), டிவி சத்தத்தை வாங்கி அவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கிற ரிசீவரும் அங்கேயே வாங்கினேன். அந்தப் பெட்டிகளில் எந்தக் குறையும் இல்லை. குறையெல்லாம் அதற்கு மேல் எஸ்டிமேட்டில் எழுதிய மூன்று வரியில்: வயர் 60 மீட்டர், மீட்டர் 90 ரூபாய், 5,400. ஃபிட்டிங் 6,000. கேலிபரேஷன் 3,500. "கேலிபரேஷன்னா என்னங்கண்ணா?" என்று கேட்டதற்கு, "உங்க ஹாலுக்கு ஏத்த மாதிரி சவுண்டை டியூன் பண்றதுங்க சார், மத்தவன் யாரும் பண்ண மாட்டான்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையில்தான் விழுந்தேன்.

இரண்டு தம்பிகள் வந்தார்கள். வந்ததும் டேப் எடுத்து அளப்பார்கள், எங்கே உட்காருவீர்கள் என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். நேராக ஸ்டூலைப் போட்டு டிரில்லிங் மிஷினை எடுத்தார்கள். பின்பக்க ஸ்பீக்கர் இரண்டும் சீலிங் மூலையில், 9 அடி உயரத்தில், தரையைப் பார்த்துக் குனிந்த மாதிரி தொங்கின. சென்டர் ஸ்பீக்கரை டிவி யூனிட்டுக்குள், ஆசாரி செட்டாப் பாக்ஸுக்காக விட்டிருந்த பொந்தில் தள்ளினார்கள். முன் ஸ்பீக்கர் இரண்டும் டிவியை ஒட்டி ஆளுக்கொரு பக்கம், நடுவில் நாலடி கூட இல்லை. சப்வூஃபர் அதே யூனிட்டின் கீழ்த்தட்டில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். "வெளிய வச்சா கொழந்தைங்க தட்டிரும்ங்கண்ணா" என்றான் ஒரு தம்பி. அக்கறையாகப் பேசுகிறானே என்று டீ போட்டுக் கொடுத்தேன்.

முடித்துவிட்டு ஒரு சண்டைக் காட்சி போட்டுக் காட்டினார்கள். ஐந்து ஸ்பீக்கரும் அலறின. ஹாலே அதிர்ந்தது, கண்ணாடிக் கதவும் சேர்ந்து அதிர்ந்தது, பையன் கைதட்டினான். மொத்தப் பணத்தையும் ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன்.

இதில் இருக்கிற சூட்சுமம் மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. ரிசீவரில் எல்லாச் சேனலிலும் ஒரே ஸ்டீரியோவைக் கொட்டுகிற ஒரு மோட் உண்டு, வீட்டு விசேஷத்தில் பாட்டுப் போட ஆகும். அதில் வைத்தால் பின்பக்க ஸ்பீக்கரிலும் பாட்டு, வசனம், சண்டை எல்லாம் அப்படியே வரும். கேட்கிறவன் "ஆகா, சுத்திச் சுத்தி அடிக்குது" என்று நினைப்பான். சரவுண்ட் என்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் அதற்கான தனிச் சத்தம் வர வேண்டும், இது சரவுண்டே இல்லை. போதாததற்கு டிவியின் ஆடியோ செட்டிங் பிசிஎம் என்பதிலேயே கிடந்தது. அப்படி விட்டதால் எங்கள் டிவியிலிருந்து ரிசீவருக்குப் போனதே இரண்டு சேனல்தான். ஆக ஆறு பெட்டிக்குப் பணம் கொடுத்து இரண்டு பெட்டிச் சத்தத்தை அஞ்சு இடத்தில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்பாதான் முதலில் கண்டுபிடித்தார். "குடத்துக்குள்ள தலைய வுட்டுப் பேசறாப்பல இருக்குதுடா, பழைய டிவியே தேவல" என்றார். எனக்குக் கோபம் வந்தது, இவ்வளவு செலவு பண்ணியிருக்கிறோமே என்று. ஆனால் அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. அந்தக் காலத்துப் படங்கள் மோனோ, ஒரே டிராக். அதை ரிசீவரின் சரவுண்ட் மோடில் போட்டால் கிட்டத்தட்ட எல்லாச் சத்தமும் சென்டருக்குத்தான் போகும். புதுப் படத்திலும் வசனத்தில் பெரும்பங்கு சென்டரில்தான். அந்த ஒரு பெட்டியைத்தான் பிளைவுட் பொந்துக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். யாருக்காக வாங்கினேனோ அவருக்கு முக்கியமாகத் தேவைப்பட்ட ஸ்பீக்கர் அது.

கடைக்குப் போன் பண்ணினேன். நாலு தடவை எடுக்கவில்லை, ஐந்தாவது தடவை எடுத்து, "சார், உங்க ஹால் சரியில்லைங்க. டைல்ஸ், வெறும் சுவரு, எக்கோ அடிக்கும். அக்கூஸ்டிக் பேனல் போட்டா சரியாயிரும், 40,000 ஆகும், உங்களுக்குனா 35" என்றார். கவனியுங்கள், மாட்டும்போது ஹாலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர் இவர்.

அதற்கு அப்புறம்தான் பள்ளிக்கூட நண்பன் ஒருவனைக் கூப்பிட்டேன். மைக் செட் போடுகிறவன், ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா சமயத்தில் ஆளைப் பிடிக்கவே முடியாது. வந்தவன் சீலிங் மூலையைப் பார்த்துச் சிரித்தான். "பல்லி மாதிரி ஒட்ட வச்சிருக்காங்களேடா." ரிசீவர் மெனுவில் டெஸ்ட் டோன் போட்டான். ஒவ்வொரு ஸ்பீக்கராக 'ஷ்ஷ்' என்று சத்தம் சுற்றிவரும், பெயர் திரையில் தெரியும். இடது பக்கம் என்று காட்டும்போது வலது பின்பக்கம் சத்தம் வந்தால் வயரை மாற்றிச் சொருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் பின்பக்கம் இரண்டும் இடம் மாறியிருந்தன. முன் இடது ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் தலைகீழ். அப்படி இருந்தால் ஒரு ஸ்பீக்கர் வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுக்கும், பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும், பாடுகிறவர் குரல் நடுவில் நிற்காமல் எங்கேயோ மிதக்கும். ஸ்பீக்கர் தூரம் என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே எண். சத்தம் ஒரு அடி போக ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் ஆகும், தூரத்தைச் சொன்னால்தான் ரிசீவர் கிட்ட இருப்பதைக் கொஞ்சம் தாமதப்படுத்தி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காதுக்கு அனுப்பும். யாரும் சொல்லவில்லை.

"கேலிபரேஷன் மைக் எங்கடா?" என்றான். பரண்மேல் இருந்த ரிசீவர் டப்பாவை இறக்கினோம். ஹாலில் சத்தம் எப்படிக் கேட்கிறது என்று ரிசீவர் அளந்து தானே டியூன் பண்ணிக்கொள்வதற்கான குட்டி மைக் அது. உள்ளே பாலிதீன் கவரில், ஒட்டின டேப் கூடப் பிரிக்காமல் பத்திரமாக இருந்தது. 3,500 ரூபாய் கேலிபரேஷன்.

வயர் கதை தனி. என் மச்சினன் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் இருக்கிறான். கேசிங் பட்டியைப் பிரித்து வயரை எடுக்கும்போது கையில் தூக்கிப் பார்த்தவன், "என்ன மாமா, கனமே இல்ல" என்றான். ஒரு இழையை அரத்தில் தேய்த்தான். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை. துண்டு வெட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய் நெருப்பில் பிடித்து வீடியோ அனுப்பினான், உள்ளே இருந்தது சட்டென்று தொய்ந்து உருண்டது. தாமிரம் உருக 1085 டிகிரி வேண்டும், வெள்ளிக்கே 961. அலுமினியம் 660லேயே போய்விடும். "இது கவரிங் மாமா" என்று கீழே எழுதியிருந்தான். தாமிர முலாம் பூசிய அலுமினியம், தாமிர விலைக்கு. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், பத்து மீட்டருக்குள் கனமான வயராக இருந்தால் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் முனை சீக்கிரம் ஒடியும், கறுக்கும். மின்சாரம் கடத்துவதில் அலுமினியம் தாமிரத்தில் சுமார் 61 சதவீதம்தான். விலையும் அப்படித்தானே இருக்க வேண்டும்? எடுத்த வயரை அளந்தும் பார்த்தோம். 34 மீட்டர். பில்லில் 60.

பில் என்று சொல்கிறேன், பில் எங்கே இருக்கிறது. "பில் வேண்டாம்னா 18 சதவீதம் குறையும்ங்க சார்" என்றதற்குத் தலையாட்டியவன் நான்தான். 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கு அடிக்கலாம் என்று போனை எடுத்தால் என் கையில் இருந்தது பென்சிலில் எழுதிய எஸ்டிமேட் சீட்டு, கடை முத்திரை கூட இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணமே கிடையாது. ரசீதும் இல்லாமல், ஜிபேயும் பண்ணாமல், ரொக்கமாகக் கொடுத்துவிட்டு அங்கே எதைக் காட்டுவது? இந்த இடத்தில் என் மேல் எனக்கே எரிச்சல்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானும் நண்பனும் இழுத்துப்போட்டோம். செலவு 28 மீட்டர் நல்ல தாமிர வயர், இரண்டு ஸ்டாண்டு, அவ்வளவுதான். முன் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓரடி முன்னால் இழுத்து, இரண்டுக்கும் நடுவே 9 அடி விட்டோம். பின்சுவரில் ஒட்டிக்கிடந்த சோபாவை நாலடி முன்னால் நகர்த்தினோம், ஏனென்றால் சுவரை ஒட்டினால் பேஸ் மூட்டமாகக் குவியும். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் முன் ஸ்பீக்கர்கள் நடுக்கோட்டிலிருந்து 22 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டுமாம், எங்களுக்கு 24 வந்தது. உச்சக்குரல் வருகிற சின்ன ட்வீட்டர் உட்கார்ந்தவர் காது உயரத்தில். சென்டர் இப்போது யூனிட்டுக்கு மேலே, விளிம்போடு விளிம்பாக, முகம் லேசாக மேலே தூக்கி அப்பாவைப் பார்க்கிறது. பின்பக்கம் இரண்டும் சீலிங்கிலிருந்து இறங்கிப் பக்கவாட்டுக்கு வந்தன, காதுக்குச் சற்றுப் பின்னால், 110 டிகிரி வாக்கில், காதைவிட ஓரடி ஒன்றரையடி உயரத்தில். ஒரு பக்கம் ஜன்னல் என்பதால் ஸ்டாண்டு.

சப்வூஃபருக்கு இடம் தேடினதுதான் கூத்து. அதைச் சோபாவில் அப்பா உட்காருகிற இடத்தில் தூக்கி வைத்து, பேஸ் உள்ள பாட்டை ஓடவிட்டு, நாம் தரையில் தவழ்ந்து சுவரோரமாகப் போக வேண்டும். எங்கே பேஸ் குமுறாமல் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைத்துவிட வேண்டும். 43 வயதில் நாலு காலில் போனேன். அப்பா, "என்னடா தொலச்ச?" என்றார். நன்றாகக் கேட்ட இடம் பூஜை அறை வாசல், வீட்டுக்காரி ஒரே பார்வையில் முடித்துவிட்டாள். அடுத்த நல்ல இடத்தில், ஷூ ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் அதற்குப் போகிற மாதிரி ரிசீவரில் வைத்தோம்.

கடைசியில் அந்த மைக்கை ஒரு டிரைபாடில் காது உயரத்துக்கு நிறுத்தி, ஃபேனை அணைத்து, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு ரிசீவரின் கேலிபரேஷனை ஓடவிட்டோம். இருபது நிமிடம் ஆகவில்லை. எக்கோவுக்கு 35,000 ரூபாய்ப் பேனல் வாங்கவில்லை, பீரோவில் மடித்து வைத்திருந்த பவானி ஜமக்காளத்தைச் சோபாவுக்கு முன்னால் விரித்தோம், ஜன்னலுக்குக் கனமான திரை. முழுக்கப் போகவில்லைதான், கைதட்டினால் இன்னும் லேசாக அடிக்கிறது. வசனத்துக்கு இது போதும்.

பிரிக்காத மைக்கின் படத்தை அனுப்பியதும் கடைக்காரர் 3,500ஐத் திருப்பிப் போட்டுவிட்டார், அதிசயமாக ஜிபேயில். வயரைப் பற்றிக் கேட்டால், "அதுவும் காப்பர்தான் சார், மேல காப்பர்" என்கிறார். ஃபிட்டிங் காசு போனது போனதுதான்.

நீங்கள் மாட்டுவதாக இருந்தால் முதல் நாள் எதையும் சுவரில் அடிக்க விடாதீர்கள். ஸ்டூல், நாற்காலி, அரிசி டின், எது கிடைக்கிறதோ அதன்மேல் ஸ்பீக்கரை வைத்து ஒரு வாரம் கேளுங்கள். வயர் முனையை அவர்கள் முன்னாலேயே சுரண்டிப் பாருங்கள். டெஸ்ட் டோன் சுற்றிவருவதைக் காதால் கேட்டு, தெரிந்த படம் ஒன்றில் வசனக் காட்சியும் கேட்டுவிட்டுப் பாக்கிப் பணத்தைக் கொடுங்கள். சண்டைக் காட்சிக்கு மயங்க வேண்டாம், அது எந்தப் பெட்டியிலும் நன்றாகத்தான் இருக்கும்.

போன வாரம் ஒருவர் அந்தக் கடைக்காரரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை எனக்கு அனுப்பி, "இது மாதிரி பண்ணச் சொல்லியிருக்கேன், நல்லா இருக்கும்ல?" என்று கேட்டார். ஜன்னலில் பச்சைத் திரை, சுவரில் மாம்பழ மண்டிக் காலண்டர், என் ஹால்தான். படத்தில் சீலிங் மூலையில் தொங்குகிற அந்த இரண்டு ஸ்பீக்கரும் இப்போது அங்கே இல்லை. துளை மட்டும் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பார்க்கலாம் என்று பதில் போட்டேன்.