பெல் கர்வா, அவ்வப்போது பேசுவதா?

ஊழியர்களை மதிப்பிடும்போது, எந்த ரேட்டிங் எத்தனை சதவீதம் பேருக்கு என்று முன்கூட்டியே பிரித்துவிடும் பெல் கர்வ் முறை ஐடி வேலையில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ஜாக் வெல்ச் பிரபலமாக்கிய கணக்கு இது: மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10. கடைசி 10 சதவீதம் பேரின் வேலைக்கு உத்தரவாதமில்லை.

பெரிய நிறுவனத்தில் ஆயிரக்கணக்கானோரை ஒரே அளவுகோலில் வைக்க இது வசதிதான். ஆனால் பத்துப் பேர் கொண்ட டீமில் எல்லோரும் நன்றாக உழைத்தாலும் ஒருவர் தலையில் குறைந்த ரேட்டிங் விழுந்தே ஆகும். ரேட்டிங்குகளை இந்தக் கணக்குக்குள் பொருத்தும் நார்மலைசேஷன் மீட்டிங்கில் மேனேஜர்கள் "இவருக்கு நான்கு கொடுங்கள், அவரை மூன்றுக்கு இறக்குகிறேன்" என்று பேரம் பேசுவார்கள். சம்பந்தப்பட்டவர் அந்த அறையில் இருக்கவே மாட்டார். இது அநியாயம். பக்கத்து சீட்காரருக்கு உதவினால் நம் இடம் போய்விடுமோ என்ற பயமும் வந்துவிடும். மைக்ரோசாஃப்ட் 2013இல் இதைக் கைவிட்டது.

மென்பொருள் நிறுவனமான அடோபி அதற்கு முந்தைய ஆண்டே வருடாந்திர மதிப்பீட்டை நிறுத்தி 'செக்-இன்' முறைக்கு மாறியது. ரேட்டிங் எண் கிடையாது. எதிர்பார்ப்பு, குறை நிறை, வளர்ச்சி பற்றி அவ்வப்போது பேச்சு. மார்ச்சில் செய்த தவறு மார்ச்சிலேயே தெரிந்துவிடும். சரி, குறையே இல்லையா? உண்டு. எல்லாம் மேனேஜர் கையில். அவர் பேசாவிட்டால் எதுவும் நடக்காது, சம்பள உயர்வுக்கான காரணமும் புரியாது.

இருந்தும் என் ஓட்டு செக்-இன்னுக்கே. பேசியதை அன்றே இரண்டு வரி மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள். சம்பள உயர்வு நேரத்தில் கேள்வி வந்தால் காட்ட அது வேண்டும்.